90 நொடி, ஒரே தாள்: ஹண்டிங்டன் குடும்பங்களோடு குறி-இலக்கத் தேர்வைப் பயன்படுத்தியவரின் மதிப்புரை

மூளை நரம்பியல் பிரிவில் அறிதிறன் பரிசோதனை செய்யும் எங்களிடம் பலவகைப் பெட்டிகள் உண்டு. வண்ணக் கட்டைகள், படப் புத்தகங்கள், கணினித் திரையில் ஓடும் தேர்வுகள் என்று அலமாரி நிறைந்திருக்கிறது. அவற்றுள் மிக மெலிந்தது சிம்பல் டிஜிட் மொடாலிட்டீஸ் டெஸ்ட் என்னும் குறி-இலக்கத் தேர்வுதான். ஒரே தாளில் அடங்கிவிடும். பரம்பரையாக வரும் நரம்புச் சிதைவு நோய்களில் ஒன்றான ஹண்டிங்டன் நோய் உள்ள சில குடும்பங்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களிடம் தோன்றும் தொடக்ககால அறிதிறன் மாற்றங்களைக் கண்டுகொள்ள இந்தத் தாள் எவ்வளவு தூரம் உதவுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது, தமிழ் பேசுபவரிடம் இதைப் பயன்படுத்துபவர் எவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றைப் பற்றியதே இந்த மதிப்புரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட நினைப்பவர் இதை வாங்க வேண்டாம். அதே ஆளுக்கு ஆண்டுதோறும் ஒரே முறையில் வைத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு, இவ்வளவு குறைந்த செலவில் இதைவிடக் கூர்மையான கருவி கிடைக்காது.

தேர்வு நடக்கும் விதம் எளிமையானது. தாளின் தலைப்பில் இரண்டு வரிசைக் கட்டங்கள் இருக்கும். மேல் வரிசையில் பொருளற்ற ஒன்பது வடிவக் குறிகளும், அவற்றுக்கு நேர் கீழே 1 முதல் 9 வரையான இலக்கங்களும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே அதே குறிகள் ஒழுங்கில்லாமல் கலைந்து வரிசை வரிசையாக வரும். ஒவ்வொரு குறியின் கீழும் ஒரு வெற்றுக் கட்டம். மேலே பார்த்து, அந்தக் குறிக்கு உரிய இலக்கத்தைக் கீழே எழுதிக்கொண்டே போக வேண்டும். முதல் 10 கட்டங்கள் பழகிக்கொள்வதற்கு. அதன்பின் 110 கட்டங்கள் காத்திருக்கின்றன, நேரமோ 90 நொடிதான். அத்தனையையும் முடிப்பவரை நான் கண்டதில்லை, யாரும் முடிக்க வேண்டும் என்பது நோக்கமுமன்று. சரியாக நிரப்பிய கட்டங்களின் எண்ணிக்கையே மதிப்பெண்.

அமெரிக்க உளவியலாளர் ஆரன் ஸ்மித் 1973இல் வெளியிட்ட தேர்வு இது. இதற்கு முன்பே வெக்ஸ்லரின் நுண்ணறிவுத் தேர்வுத் தொகுப்பில் இதுபோன்ற ஒரு பகுதி இருந்தது. ஆனால் அதில் இலக்கத்தைக் கொடுத்துக் குறியை வரையச் சொல்வார்கள். ஸ்மித் அதைத் தலைகீழாக்கிக் குறியைக் கொடுத்து இலக்கத்தைக் கேட்டார். அற்பமான மாற்றம் போலத் தோன்றினாலும் இதில் ஒரு பெரிய வசதி பிறந்தது. குறியை வாயால் சொல்ல முடியாது, இலக்கத்தைச் சொல்லலாம். கை ஒத்துழைக்காதவரும் வாய்மொழியாகவே தேர்வை எழுதிவிடலாம்.

இனி, இது ஏன் ஹண்டிங்டன் நோயில் பேசப்படுகிறது என்பதற்கு வருவோம். 4ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழ்கிறவருக்கு இந்த நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம், வராமலும் போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் வெளிப்படும். மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்ட பிறகு, யாருக்கு நோய் வரும் என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எப்போது தொடங்குகிறது என்பதை அது சொல்லாது. நோய் தொடங்கிவிட்டதாக மருத்துவர் அறிவிப்பது மரபாக உடல் அசைவுகளை வைத்துத்தான். கை விரல்களும் தோளும் முகமும் தாமாகவே துள்ளும் கோரியா போன்ற அசைவுகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். 0 முதல் 4 வரையான அளவையில், 99 சதவீத உறுதியோடு 4 என்று குறித்தால்தான் நோய் வெளிப்பட்டதாகப் பதிவு செய்வார்கள். ஆனால் வீட்டில் இருப்பவர்களின் நாட்காட்டி வேறு. அசைவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆள் மாறத் தொடங்கிவிட்டதை அவர்கள் அறிந்திருப்பார்கள்.

நான் பார்த்தவர்களுள் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். நாற்பதை எட்டாத வயது. அவருடைய தந்தை கை கால் ஆட்டம் வந்து இறந்தவர். கடைசிக் காலத்தில் தெருவில் நடந்தபோது குடித்துவிட்டு ஆடுகிறார் என்றே ஊர் பேசியதாம். மகன் தன் விருப்பத்தின் பேரில் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவை அறிந்த பிறகே எங்களிடம் வந்தார். தமக்கு எந்தக் குறையும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். உடன் வந்த அவருடைய மனைவி, அவர் வெளியே போன நேரம் பார்த்துச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “கணக்கு தப்பலங்க டாக்டர். ஆனா நேரமாகுது. முன்னெல்லாம் சாமான் கட்டி முடிக்கிறதுக்குள்ள மொத்தத்தைச் சொல்லிடுவாங்க. இப்ப ஆளு நின்னு காத்துக்கிட்டிருக்கு.” நான் டாக்டர் அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அழைப்பு மாறுவதில்லை. அது இருக்கட்டும். இந்த நோயின் தொடக்கத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த நான்கு வாக்கியங்களைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. விடை சரியாகத்தான் வருகிறது. வந்து சேர நேரமாகிறது.

அதன் காரணம் மூளையின் உட்பகுதியில் இருக்கிறது. ஹண்டிங்டன் நோயில் முதலில் சுருங்குவது ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் இரு கூறுகளான காடேட்டும் புட்டாமனும். இவை மூளையின் முன்மடலோடு வளையங்களாகப் பிணைந்திருக்கின்றன. எதை அடுத்துச் செய்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது, எவ்வளவு விரைவாக என்பதையெல்லாம் அந்த வளையங்களே பார்த்துக்கொள்கின்றன. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் இந்தக் கட்டத்தில் ஓரளவு தப்பித்திருக்கும். ஆகவே மறதி நோய்க்கென்று வடிவமைத்த கேள்விகள் இங்கே எதையும் பிடிக்காது. 1975 முதல் உலகெங்கும் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் தேர்வை அந்த மளிகைக் கடைக்காரருக்கு வேறொரு மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தார்கள். அதில் 10 மதிப்பெண் இன்று என்ன தேதி, இது எந்த ஊர் போன்ற கேள்விகளுக்கு. நாள்தோறும் கடை திறந்து கணக்கு எழுதும் ஒருவர் அதில் எப்படித் தவறுவார்? முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் அந்தத் தேர்வு பொருட்படுத்துவதில்லை.

குறி-இலக்கத் தாள் நேரத்தைத் தவிர வேறெதையும் பெரிதாகக் கேட்பதில்லை. குறியைப் பார்த்து, கண் மேலே ஓடி, இணையைத் தேடி, இலக்கத்தை ஒரு கணம் மனத்தில் ஏந்தி, கீழே வந்து எழுத வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் மொத்த எண்ணிக்கை குறையும். குறிகளுள் சில ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல எதிரெதிராகத் திரும்பியவை என்பதால் அசட்டையாக எழுதவும் முடியாது. நலமாக இருப்பவர் இருபது முப்பது கட்டங்களுக்குள் சில இணைகளை மனப்பாடம் செய்துகொள்வார். மேலே பார்க்காமலே எழுதத் தொடங்குவார், வேகம் கூடும். நோயின் விளிம்பில் நிற்பவரின் கண் கடைசிக் கட்டம் வரை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மதிப்பெண் தாளில் இதற்கு இடமில்லை. நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன்.

இந்தத் தாளின் மீது நான் வைக்கும் நம்பிக்கை என் அனுபவத்தால் மட்டும் வந்ததன்று. இலண்டன், பாரிஸ், லைடன், வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் 2008இல் தொடங்கிய டிராக்-ஹெச்.டி. ஆய்வு, மரபணு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து 366 பேரை ஆண்டுதோறும் அழைத்து, மூளைப் படம், அசைவு, அறிதிறன் என்று பல வழிகளில் அளந்தது. அதில் நோய் வெளிப்படுவதை நெருங்கிக்கொண்டிருந்தவர்களிடம் காலப்போக்கில் சரிவைக் காட்டிய அறிதிறன் அளவைகளுள் இந்தத் தேர்வும் ஒன்று. அமெரிக்காவின் அயோவாவிலிருந்து ஜேன் பால்சன் தலைமையில் நடந்த பிரெடிக்ட்-ஹெச்.டி. ஆய்வும், நோய் அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிதிறன் மாற்றம் தொடங்குவதைக் காட்டியது. 2022இல் வெளியான ஹண்டிங்டன் நோயின் புதிய படிநிலைப் பகுப்பில் இதற்கு இன்னும் பெரிய இடம் கிடைத்தது. அந்தப் பகுப்பு 40 அல்லது அதற்கு மேற்பட்ட தொடர் உள்ளவரை அறிகுறி இல்லாதபோதே 0ஆம் படியில் வைக்கிறது. காடேட், புட்டாமன் ஆகியவற்றின் அளவு சுருங்கினால் 1ஆம் படி. அசைவு மதிப்பெண்ணிலோ குறி-இலக்கத் தேர்விலோ வயதுக்கும் படிப்புக்கும் ஒப்பிட்ட எல்லையைத் தாண்டினால் 2ஆம் படி. அன்றாட வேலைகள் தடுமாறத் தொடங்கினால் 3ஆம் படி. நோய் அசைவில் தொடங்குகிறது என்றிருந்த நூற்றாண்டுப் பழக்கத்தில், ஒரு தாள் தேர்வு அசைவுக்குச் சமமான இருக்கையில் அமர்ந்திருக்கிறது. மருந்தாய்வுகளில் பயன்படும் நான்கு கூறுகள் கொண்ட கூட்டு அளவையிலும் இது ஒரு கூறு.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும்.

முதற்குறை, இது கூர்மையானது, ஆனால் குறிப்பானதன்று. எண்ணிக்கை குறைந்திருப்பதைச் சொல்லும், எதனால் என்று சொல்லாது. மனச்சோர்வு குறைக்கும், முந்திய இரவு தூங்காதது குறைக்கும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் குறையும். ஹண்டிங்டன் குடும்பங்களில் மனச்சோர்வு சாதாரணமாகவே மிகுதி என்பதால் இந்தக் குழப்பம் ஒவ்வொரு முறையும் எதிரே நிற்கும். அசைவைக் கட்டுப்படுத்தத் தரும் டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் சோர்வை உண்டாக்கக்கூடியவை. அந்த மருந்து தொடங்கிய ஆண்டில் மதிப்பெண் விழுந்தால் நோயைக் குற்றம் சொல்வதா, மருந்தைச் சொல்வதா என்று தெரியாது. ஆகவே நான் தாளின் பின்புறத்தில் அன்றைய மருந்துகள், தூக்கம், கண்ணாடி, மனநிலை ஆகியவற்றை எழுதாமல் தேர்வைத் தொடங்குவதில்லை.

இரண்டாவது குறை கை. எழுத்து வடிவத்தைத்தான் ஹண்டிங்டன் ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். கை துள்ளத் தொடங்கிவிட்டால் எழுதும் வேகம் தனியாகக் குறையும், அது அறிதிறன் கணக்கில் தவறாகச் சேரும். நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோயாளிகளுக்கு வாய்மொழி வடிவமே வழக்கம். எங்கள் பிரிவில் இரண்டையும் வைக்கிறோம், முதலில் எழுத்து, பிறகு வாய்மொழி. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தால், சரிவில் ஒரு பங்கு கையினுடையது என்று கொள்கிறேன்.

வாய்மொழி வடிவத்தில்தான் தமிழ் வந்து நுழைகிறது. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். நம்முடைய ‘மூணு’, ‘அஞ்சு’, ‘ஒம்போது’ எல்லாம் அதைவிட நீளமானவை. பேச்சுத் தமிழில் சொல்பவருக்கும் ஏட்டுத் தமிழில் ‘நான்கு’, ‘ஒன்பது’ என்று திருத்தமாகச் சொல்பவருக்கும் வேறுபாடு உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த பலர் தமிழில் பேசிக்கொண்டே வந்து இலக்கத்தை மட்டும் ‘த்ரீ, ஃபைவ்’ என்று சொல்வார்கள், களைத்ததும் பாதியில் தமிழுக்குத் தாவுவார்கள். ஒரு நோயாளி முதலாண்டு ஆங்கிலத்திலும் மறு ஆண்டு தமிழிலும் சொன்னதை நான் கவனிக்காமல் விட்டு, இல்லாத சரிவைக் கண்டு பதறியிருக்கிறேன். அன்றிலிருந்து முதலாண்டு எந்த மொழியில் சொன்னாரோ அதையே ஒவ்வோர் ஆண்டும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இது தேர்வுக் கையேட்டில் இருக்காது, நாம்தான் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு இன்னும் பெரிய சுவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு இலக்கங்கள் நன்றாகவே தெரியும். பேருந்து எண்ணைப் படிப்பார், கைப்பேசியில் எண்ணை அழுத்துவார். ஆனால் பேனா பிடித்துக் கட்டத்துக்குள் விரைவாக எழுதும் பழக்கம் கையை விட்டுப் போயிருக்கும். மேலை நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டால் அவர் நோயாளியாகவே தெரிவார். அதே அட்டவணை, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரின் உண்மையான சரிவை மறைத்துவிடும். அவர் மிக உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குவதால் சராசரியைத் தொடவே ஆண்டுகள் ஆகும். இதனால்தான் ஒரு முறை வைத்துப் பார்ப்பதை வீண் என்கிறேன். ஆளை ஊராரோடு ஒப்பிடாமல் அவருடைய சென்ற ஆண்டுத் தாளோடு ஒப்பிட்டால் படிப்பு, மொழி, கையெழுத்து எல்லாம் இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும்.

ஆண்டுதோறும் வைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் முறை எழுதுபவர், வேறு எந்தக் காரணமும் இல்லாமல், முதல் முறையைவிடச் சற்று மேம்படுவார். தேர்வு என்றால் என்ன என்பது பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான். முதலாண்டு மதிப்பெண்ணை அடித்தளமாக வைத்தால், இந்த மேம்பாடு உண்மையான சரிவை ஈடுகட்டி, எதுவும் மாறவில்லை என்ற தோற்றத்தைத் தரும். நான் முதல் ஆண்டில் சில வார இடைவெளியில் இருமுறை வைத்து, முதல் தாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன். எத்தனை புள்ளி குறைந்தால் கவலைப்படலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் ஆய்வுகளில் 4 புள்ளிச் சரிவைப் பொருட்படுத்தத்தக்கதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதை அப்படியே கடன் வாங்கிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஓர் ஆண்டுச் சரிவை நான் தனியாக யாரிடமும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே திசையில் போனால், வீட்டார் சொல்வதும் அதே திசையில் இருந்தால், அப்போது நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறேன்.

இதன் உடன்பிறப்புகளான மற்றத் தேர்வுகளைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் தனியாக இந்தத் தாளை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியாது. மருந்தாய்வுகளுக்காக 2014இல் முன்வைக்கப்பட்ட ஹண்டிங்டன் அறிதிறன் தொகுப்பில் ஆறு தேர்வுகள் உள்ளன. அவற்றுள் முகங்களைப் பார்த்து உணர்ச்சியை அடையாளம் காணும் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அருவருப்பு, சினம், அச்சம் ஆகிய முகங்களைப் பிரித்தறிவது இந்த நோயில் முன்கூட்டியே மங்குகிறது. “நான் கோபமா இருக்கறதே அவருக்குப் புரியமாட்டேங்குது” என்று மனைவியர் சொல்லும் குறைக்கு, அக்கறையின்மை காரணமாக இல்லாமல் இது காரணமாக இருக்கலாம் என்று விளக்கும்போது, சில வீடுகளில் ஒரு பழைய சண்டை தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரூப் தேர்வில் வண்ணப் பெயர்களை 45 நொடிகளில் எத்தனை படிக்கிறார் என்று எண்ண வேண்டும். ஆங்கிலத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே ஓரசைச் சொற்கள். தமிழில் ‘சிவப்பு’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆங்கிலக்காரர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். ஆண்டுக்காண்டு ஒப்பிட மட்டும் பயன்படும். குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொல்லும் தேர்வு தமிழில் பெரிய தலைவலி. ‘க’ என்று சொன்னால் ‘கா’வும் ‘கி’யும் சேருமா என்று நோயாளி கேட்பார். நியாயமான கேள்வி. உயிர்மெய் வரிசை முழுவதையும் அனுமதிப்பவர்களும் உண்டு, அகர எழுத்தை மட்டும் ஏற்பவர்களும் உண்டு. இரு மையங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது. விலங்குப் பெயர்களைச் சொல்லச் சொல்வது இந்த வம்புகள் இல்லாதது. தமிழ் வடிவம் உள்ள மோக்கா என்னும் சுருக்கமான பொது அறிதிறன் தேர்வு, எம்.எம்.எஸ்.இ.யைவிட இந்த நோய்க்குப் பொருத்தமானது, ஏனென்றால் திட்டமிடுவதையும் தாவுவதையும் கேட்கும் பகுதிகள் அதில் உண்டு. இப்போது அதைப் பயன்படுத்தப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை நினைவில் கொள்க. ஆனால் அது சல்லடை, அளவுகோல் அன்று. நுண்ணிய ஆண்டு மாற்றத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

குடும்ப வழி வரும் எல்லா மறதி நோய்க்கும் இந்தத் தாள் ஏற்றது என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில், ப்ரெசெனிலின்-1 மரபணுவின் ஒரே திரிபால் தலைமுறைகளாக அல்சைமர் நோய்க்கு ஆளாகிவரும் பெருங்குடும்பத்தை மெதெயின் நகரத்து நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா 2024இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அங்கே இலேசான அறிதிறன் குறைவு ஏறக்குறைய 44 வயதிலும், முழு மறதி நோய் 49 வயதிலும் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தில் இன்னும் அறிகுறி தோன்றாத திரிபுடையவர்களிடம் முதலில் பிசகியது வேறொன்று. ஒரு வடிவத்தையும் அதன் நிறத்தையும் சேர்த்து ஒன்றாகச் சில நொடிகள் நினைவில் வைக்கும் திறன் அது. நிறத்தைத் தனியாகவும் வடிவத்தைத் தனியாகவும் நினைவில் வைத்தவர்கள், இந்த நிறம் இந்த வடிவத்துக்கு என்பதில் தவறினார்கள். வேகத்தை அளக்கும் தாளை அவர்களிடம் கொண்டுபோயிருந்தால் அந்த நுண்ணிய முறிவைத் தவறவிட்டிருக்கலாம். நோய் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தைத் தட்டிப் பார்க்கும் தேர்வே அந்த நோய்க்கு உரியது.

விற்பவர்கள் யாரும் எச்சரிக்காத ஒன்று இருக்கிறது. மளிகைக் கடைக்காரரின் இரண்டாம் ஆண்டு வருகையின்போது அவருடைய தாயார் தம் இளைய மகளையும் கூட்டிவந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. “வரன் பார்த்துக்கிட்டிருக்கோம் டாக்டர். இவளுக்கும் அந்தத் தாளை வச்சுப் பாத்துச் சொல்லிடுங்க, இரத்தமெல்லாம் எடுக்க வேண்டாம்” என்றார். தாயின் எண்ணத்தில் அது தீங்கில்லாத குறுக்குவழி. இரத்தப் பரிசோதனைக்கு முன் ஆலோசனை, காத்திருப்பு, கையொப்பம் என்று நெறிமுறைகள் உண்டு, 90 நொடித் தாளுக்கு எதுவும் இல்லை. நான் மறுத்தேன். காரணம் நெறிமுறை மட்டுமன்று, தாளே அவருக்குப் பொய் சொல்லியிருக்கும். இலண்டனில் நடந்து 2020இல் வெளியான இளையோர் ஆய்வில், நோய் தொடங்க ஏறக்குறைய 24 ஆண்டுகள் இருக்கக்கூடிய மரபணு உடைய 64 பேரையும் மரபணு இல்லாத 67 பேரையும் விரிவாகச் சோதித்தபோது, இரு குழுக்களின் அறிதிறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நரம்பு சிதையும்போது கசியும் நரம்பிழைப் புரதம் தண்டுவட நீரில் உயர்ந்திருந்தது, மூளைப் படத்தில் புட்டாமன் சற்றே சிறுத்திருந்தது, தேர்வுகளில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஆக, அந்தப் பெண் மரபணுவைச் சுமந்தாலும் சுமக்காவிட்டாலும் அன்று நல்ல மதிப்பெண்ணே எடுத்திருப்பார். அந்த நல்ல மதிப்பெண்ணை வைத்து ஒரு திருமணம் முடிவாகியிருக்கும்.

மறுபுறம், நாற்பதை நெருங்கும் ஒருவர் மரபணு முடிவை அறிய விரும்பாமல் இந்தத் தாளை மட்டும் ஆண்டுதோறும் எழுதினால், சரிந்துகொண்டே போகும் எண்களே அவருக்கு அந்த முடிவைச் சொல்லிவிடும். அறியாமல் இருக்கும் உரிமையைப் பலர் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். மரபணுச் சோதனை இருந்தும், நோய் வரக்கூடியவர்களுள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே அதைச் செய்துகொள்கிறார்கள். 2012 முதல் பல நாடுகளில் நடந்துவரும் என்ரோல்-ஹெச்.டி. ஆய்வில், தம் மரபணு நிலையை அறியாதவரும் சேரலாம். ஆய்வுக்காகச் செய்யும் மரபணு முடிவை அவருக்கோ அவரைச் சோதிப்பவருக்கோ தெரிவிப்பதில்லை. நம் மருத்துவமனைகளில் அப்படியொரு திரை இல்லை. எனவே மதிப்பெண்ணை யார் பார்க்கலாம், எப்போது சொல்லலாம், சொல்லவே வேண்டாமா என்பதைத் தேர்வுக்கு முன்பே அவரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சுக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஆகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். படிவங்கள் உரிமம் உடையவை, கட்டாக வாங்க வேண்டும். நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, நகலில் தாள் சுருங்கினாலும் கோடுகள் மங்கினாலும் எதிரெதிர்க் குறிகள் ஒன்றுபோலத் தெரிந்து தேர்வே மாறிவிடும். நான் சேர்ந்த புதிதில் அலமாரியில் கிடந்தது நகலின் நகல். அதில் எழுதிய பழைய தாள்களை இன்றைய தாள்களோடு ஒப்பிட முடியாமல் இரண்டு ஆண்டுப் பதிவுகள் வீணாகின. மாற்றுப் படிவங்களும் உள்ளன. ஆனால் ஒரே படிவத்தைத் தொடர்வதா, மாற்றி மாற்றித் தருவதா என்பதை முதலாண்டே முடிவு செய்து அதன்படி நிற்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணாதீர்கள், நிறுத்துக் கடிகாரம் வையுங்கள். ஐந்து நொடி கூடினாலும் இரண்டு மூன்று கட்டங்கள் கூடிவிடும்.

இந்த ஆண்டு வந்தபோது மளிகைக் கடைக்காரர் இன்னும் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்களைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார், பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. மனைவிதான் சொன்னார், பில் போடும் எந்திரம் ஒன்று வாங்கிவிட்டார்களாம். மொத்தத்தை அது சொல்கிறது, அவர் சாமான் கட்டித் தருகிறார்.